ரத்தப் பரிசோதனைத் தாளை ஒதுக்கிவிட்டு நாட்காட்டியைக் கேட்ட மருத்துவமனை: தில்லை நகர் அனுபவம்

திருச்சி தில்லை நகரிலுள்ள இந்த மகளிர் நல மருத்துவமனைக்குக் கடந்த ஆறு மாதங்களில் நான்கு முறை சென்று வந்திருக்கிறேன். பிரசவத்துக்கும் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கும் வந்தவர்கள் எழுதிய பாராட்டுகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. நான் போன காரணம் வேறு. மாதவிலக்கு வருவதற்குப் பத்து நாட்கள் முன்பே மனம் நிலைகுலைந்துபோவதும், வந்த பிறகு முதல் இரண்டு நாட்கள் நிற்க முடியாத அளவுக்கு வயிற்றுவலியும் உதிரப்போக்கும் இருப்பதும்தான் என் சிக்கல். இதற்காக மருத்துவமனை தேடும் பெண்ணிடம் அங்குள்ள குளிர்சாதன வசதியைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை என்பதால், என்ன கேட்டார்கள், என்ன செய்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு வயது 37. மணப்பாறைப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் காசாளராக இருக்கிறேன். மாலையில் கணக்கு முடிக்கும்போது ஒரே நோட்டுக்கட்டை மூன்று முறை எண்ணியும் தொகை பிடிபடாமல், கழிவறைக்குள் போய் அழுது, முகம் கழுவிக்கொண்டு திரும்பிவந்து உட்கார்ந்த நாட்கள் உண்டு. அந்த நாட்கள் எல்லாம் மாதத்தின் ஒரே பகுதியில் வருகின்றன என்பதை எனக்கு முன்பே என் மகள் கண்டுபிடித்திருக்கிறாள். ஆறாம் வகுப்புப் படிப்பவள், சமையலறையில் மாட்டியிருக்கும் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, "அம்மா, இன்னைக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா, இல்ல அடுத்த வாரம் கேக்கட்டுமா?" என்றாள். கேட்க வந்தது பள்ளிச் சுற்றுலாவுக்கான 200 ரூபாய்.

அதற்கு முன்பு நான் யாரிடமும் போகாமல் இருக்கவில்லை. அம்மா உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார், மோரில் ஊறிய வெந்தயம் கொடுத்தார், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார், பிறகு ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றார். களி உடம்புக்கு நல்லதுதான், வலி போகவில்லை. வேறு ஊர்களில் பார்த்த இரண்டு மருத்துவர்களும் ஹார்மோன் பரிசோதனை எழுதிக்கொடுத்து, முடிவைப் பார்த்துவிட்டு, "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைச்சுக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நார்மல் என்று வந்ததில் வியப்பில்லை என்பது இங்கே வந்த பிறகுதான் புரிந்தது. இந்தத் தொந்தரவு உள்ள பெரும்பாலான பெண்களுக்கு ஹார்மோன்களின் அளவில் குறை எதுவும் இருப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் எல்லாப் பெண்களுக்கும் இயல்பாக ஏறி இறங்கும் அதே ஹார்மோன்களுக்குச் சிலரது மூளை மட்டும் மிகக் கடுமையாக எதிர்வினை காட்டுகிறது. ஆகவே எத்தனை முறை ஊசி போட்டு ரத்தம் எடுத்தாலும் அந்தத் தாளில் விடை கிடைக்காது.

பிப்ரவரியில் முதல் முறை சென்றபோது, பழைய அறிக்கைகள் அடங்கிய என் கோப்பை மருத்துவர் ஒரு நிமிடம் புரட்டிப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டார். பிறகு அவர் கேட்டவை எல்லாம் நாட்களைப் பற்றியவை. எரிச்சலும் அழுகையும் எந்த நாளில் தொடங்குகின்றன, விலக்கு வந்த எத்தனையாவது நாளில் விடுகின்றன, விட்ட பிறகு ஒரு வாரமாவது பழைய ஆளாக இருக்கிறீர்களா என்று கேட்டார். இந்தக் கடைசிக் கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மாதம் முழுவதும் மனம் சோர்ந்திருந்தால் அது மனச்சோர்வு நோயாகவோ, தைராய்டாகவோ, ரத்தசோகையாகவோ இருக்கலாம். விலக்குக்கு முந்தைய வாரத்தில் ஏறி, வந்த சில நாட்களில் இறங்கி, அடுத்த வாரம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விட்டால், மாதவிலக்குக்கு முந்தைய கடும் மனநிலைக் கோளாறு என்று சந்தேகிக்கிறார்கள். மருத்துவர்கள் இதைப் பி.எம்.டி.டி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் கையேடு 2013-இல் இதைத் தனி நோயாக ஏற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாவது நோய்ப் பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு.

இன்னொரு கேள்வியையும் அவர் சுற்றி வளைக்காமல் கேட்டார்: அந்த நாட்களில் உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கிறதா? என்னிடம் அதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. தோன்றியிருக்கிறது என்றேன். முகம் மாறாமல், அப்படித் தோன்றும்போது யாரிடம் பேச முடியும் என்று விசாரித்து, யாரும் இல்லாத இரவில் அழைப்பதற்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ மருந்துச் சீட்டின் மேல் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்.

ஆனால் அன்றைக்கு மனநிலைக்கு மாத்திரை எதுவும் தரவில்லை. இரண்டு விலக்குச் சுழற்சிகளுக்குத் தினமும் நிரப்ப வேண்டிய படிவத்தைக் கொடுத்து, நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்றார். நினைவை வைத்துச் சொல்வது பெரும்பாலும் பிசகிவிடும் என்பதால், குறைந்தது இரண்டு சுழற்சிகளை அன்றன்றைக்கு எழுதிப் பார்த்த பிறகே இந்த நோயை உறுதிசெய்ய வேண்டும் என்பது விதி. அந்த நேரத்தில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பேருந்தில் அவ்வளவு தூரம் வந்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, காகிதத்தோடு திரும்பிப் போவதா? அதுவும் என் மிக மோசமான நாட்களில் ஒன்று என்பதைப் பிறகு கணக்கிட்டுத் தெரிந்துகொண்டேன்.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. மருத்துவமனை மீது என் முதல் குறை இது. திருச்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் பெண்களுக்குத் தமிழில் அச்சிட்டுத் தருவது பெரிய செலவில்லை. என் பக்கத்தில் நின்ற செவிலியர் நீலப் பேனாவால் ஒவ்வொரு வரியின் மேலும் "எரிச்சல்", "அழுகை வருது", "மார்பு கனம்", "தூக்கம்", "வீட்ல சண்டை" என்று எழுதித் தந்தார். அந்தக் கையெழுத்துதான் எனக்குப் படிவமாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை எண் போட வேண்டும். 1 என்றால் இல்லவே இல்லை, 6 என்றால் தாங்க முடியவில்லை. இரவு பாத்திரம் கழுவி முடித்ததும், பிரிட்ஜின் மேல் வைத்தே எழுதுவேன். முதல் மாத இறுதியில் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தபோது, 18-ஆம் நாள் வரை ஒன்றும் இரண்டுமாக இருந்த கட்டங்கள் 19-இலிருந்து நான்கு, ஐந்து, ஆறு என்று நிறைந்து, விலக்கு வந்த மூன்றாம் நாளில் மறுபடியும் ஒன்றுக்கு இறங்கியிருந்தன. இரண்டாம் மாதமும் அதே படம். என் கணவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

வயிற்றுவலிக்கு முதல் நாளே மருந்து எழுதினார். மெஃபெனமிக் அமிலத்தை நான் பல ஆண்டுகளாகக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் வலி உச்சத்துக்குப் போன பிறகே போடுவேன். கருப்பை சுருங்கக் காரணமான புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை என்பதால், வலியோ உதிரமோ தொடங்கிய உடனே, சாப்பிட்ட பிறகு போட வேண்டும் என்று விளக்கினார். உடம்பில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும் என்றும் எச்சரித்தார். இந்திய மருந்தியல் ஆணையம் 2023 இறுதியில் இந்த மருந்தால் வரக்கூடிய கடுமையான ஒவ்வாமை பற்றி எச்சரிக்கை வெளியிட்டதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். உதிரப்போக்கைப் பற்றிக் கேட்கும்போதும் "அதிகமா?" என்று கேட்கவில்லை; எத்தனை மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்றுகிறீர்கள், கட்டி கட்டியாகப் போகிறதா, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஹீமோகுளோபின் 9.8 என்றும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7 என்றும் வந்தன. இரண்டுமே குறைவு. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு வயது காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேன் அறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பரிசோதனையை விளக்கி ஒப்புதல் கேட்டார்கள். ஆனால் நான் படுத்திருந்தபோது கதவு ஒரு சாண் திறந்தே இருந்தது, வெளியே வரிசையில் ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நானே சொன்ன பிறகுதான் சாத்தினார்கள். ஸ்கேனில் குறை எதுவும் தெரியவில்லை. அதற்காக, கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லவே இல்லை என்று முடிவுகட்ட முடியாது, சாதாரண ஸ்கேனில் அது தெரியாமலும் போகும், வலி மருந்துக்கு அடங்காவிட்டால் மேற்கொண்டு பார்ப்போம் என்று மருத்துவர் சொன்னார். "ஒன்றும் இல்லை" என்று கோப்பை மூடாதது எனக்குப் பிடித்திருந்தது.

ஏப்ரலில் நிரப்பிய தாள்களோடு சென்றபோது நோயின் பெயரைச் சொல்லி, வழிகளை எடுத்து வைத்தார். டிராஸ்பைரினோன் கலந்த கருத்தடை மாத்திரை ஒரு வழி. ஆனால் எனக்கு ஒற்றைத் தலைவலிக்கு முன்பு கண்ணில் மின்னல்போல் கோடுகள் தெரியும் என்பதைக் கேட்டறிந்ததும், ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையால் பக்கவாத ஆபத்து கூடும் என்று அதை விலக்கிவிட்டார். எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்து அடுத்த வழி. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அதே மருந்துதான் என்றாலும், அங்கே பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். இந்தக் கோளாறில் சில நாட்களிலேயே தெரியத் தொடங்குவதால், விலக்குக்கு முந்தைய இரண்டு வாரங்கள் மட்டும் எடுத்துக்கொண்டு, உதிரம் தொடங்கியதும் நிறுத்திவிடும் முறையும் உண்டு. மனநல மாத்திரை என்றதும் என் கணவர் தயங்கினார். இந்த வகையைச் சேர்ந்த ஃப்ளுவாக்ஸெட்டினை இதே கோளாறுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே ஒப்புக்கொண்டிருப்பதைச் சொல்லி, வியாழக்கிழமைகளில் அதே கட்டடத்துக்கு வரும் மனநல மருத்துவரையும் பார்க்கச் செய்தார்கள். அவரும் அந்தத் தாள்களைத்தான் முதலில் கேட்டார். வலி மாத்திரையும் இதுவும் ஒன்றாகச் சேரும் நாட்களில் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படக்கூடும் என்பதால் நான் போடும் எல்லா மாத்திரைகளையும் எழுதிக்கொண்டார். மருந்தின் அளவை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. என் சீட்டைப் பார்த்து யாரும் கடையில் வாங்கிவிடக் கூடாது.

இவ்வளவு பொறுமையாக உள்ளே நடந்ததை, கீழ்த்தளத்து மருந்தகம் ஒரே நொடியில் கெடுத்தது. கவுண்டரில் இருந்த இளைஞர் சீட்டைப் பார்த்து, "மேடம், இது மனநோய் மாத்திரை ஆச்சே, உங்களுக்கா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். சீட்டில் இல்லாத 890 ரூபாய் சத்துமாவு டப்பா ஒன்றும் பையில் சேர்ந்திருந்தது. திருப்பிக் கொண்டுபோய்க் கேட்டபோது மருத்துவர், சுண்ணாம்புச் சத்து நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் வரை எடுப்பதால் சிலருக்குப் பலன் உண்டு என்ற ஆய்வு இருக்கிறது, ஆனால் அதற்கு விலை குறைந்த சாதாரண மாத்திரை போதும், இந்த டப்பா தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். பணம் திரும்பக் கிடைத்தது. வருத்தம் தெரிவிக்கத்தான் யாரும் இல்லை.

அந்த மருந்தைத் தொடங்கி மூன்று சுழற்சிகள் முடிந்துவிட்டன. முதல் வாரம் குமட்டலும், தூக்கம் கலைவதும் இருந்தன. காலையில் சாப்பிட்ட பின் போடத் தொடங்கியதும் குறைந்தன. எரிச்சல் ஆறிலிருந்து மூன்றுக்கு வந்திருக்கிறது. அழுகை இரண்டில் நிற்கிறது. வயிறு உப்புவதும் மார்பு கனப்பதும் கொஞ்சமும் மாறவில்லை. அவற்றுக்கு இந்த மருந்து அவ்வளவாக உதவாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். உதிரப்போக்குக்கு முதல் சில நாட்கள் டிரானெக்ஸாமிக் அமிலம் எடுத்துக்கொள்கிறேன், இரவில் எழ வேண்டியிருப்பதில்லை. ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம் பொருத்திக்கொள்வது பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. ஜூலையில் பள்ளித் திறப்பு விழா நன்கொடை ரசீதுக்கு மகள் பணம் கேட்டபோது நாட்காட்டியைப் பார்க்கவில்லை. அன்றைக்கு 23-ஆம் நாள்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். முதல் முறை 500 ரூபாய், அடுத்த மூன்று முறை தலா 300, மனநல மருத்துவருக்கு 600, ரத்தப் பரிசோதனைகள் 1,650, ஸ்கேன் 1,200. மருந்தைச் சேர்க்காமல் மொத்தம் 4,850 ரூபாய் ஆயிற்று. இது கட்டுப்படாதவர்கள் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம். அங்கே மகளிர் மருத்துவம், மனநலம் இரண்டுக்கும் பிரிவுகள் இருக்கின்றன.

காத்திருக்கும் நேரம் இங்கே நிச்சயம் அதிகம். 10 மணி டோக்கனுக்கு 12 மணிக்கு முன் உள்ளே போனதில்லை. வரவேற்பில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்பதை விட்டுவிடலாம். மருத்துவருக்கு ஐந்து நட்சத்திரம், செவிலியருக்கு ஐந்து, மருந்தகத்துக்கு ஒன்று. கூட்டிக் கழித்து நான்கு கொடுத்திருக்கிறேன். முதல் முறை செல்பவர்கள் கடைசி மூன்று விலக்குத் தேதிகளையும், போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டு போங்கள். பழைய ஹார்மோன் அறிக்கைகளைச் சுமந்து செல்ல வேண்டியதில்லை.