மின்படிவத்தில் ஐஎஃப்எஸ்சி தேடல்: ஆர்பியன், ஃபார்ம்.ஐஓ, இன்ஃபோபாத்

விண்ணப்பதாரர் ஐஎஃப்எஸ்சி குறியீட்டைத் தட்டியதும் வங்கிப் பெயரும் கிளையும் தாமாக நிரம்ப வேண்டும். மின்படிவம் கேட்கும் ஏறக்குறைய எல்லா அலுவலகங்களும் வைக்கும் கோரிக்கை இது. இதற்கு ஆர்பியன், ஃபார்ம்.ஐஓ, இன்ஃபோபாத் போன்ற படிவக் கருவி தேடுகிறவர்கள் விலையையும், புலங்களை (நிரப்பும் கட்டங்களை) இழுத்து வைக்கும் வசதியையும் ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: குறியீட்டுக்குரிய விவரத்தைத் தரும் இணையச் சேவையிடம் போய் அதைக் கேட்பது யார்? நிரப்புகிறவரின் பிரவுசரா, நம்முடைய சர்வரா? மற்ற வேறுபாடுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

சேவையே வேண்டாம், கிளைப் பட்டியலைப் படிவத்துக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்தது. எஸ்ஒய்என்பி என்று தொடங்கிய அதன் பழைய குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாமல் போயின. பட்டியலை உள்ளே புதைத்து வைத்த படிவம் இதை எப்படி அறியும்? மாவட்டப் பெயர்களை உள்ளே வைக்கலாம். வங்கிக் கிளைகளை வைக்கக் கூடாது.

ஆர்பியன் ஃபார்ம்ஸில் கேள்வி சர்வரிலிருந்து போகிறது. படிவ வடிவமைப்பானில் எச்டிடிபி சேவை ஒன்றை வரையறுத்து, முகவரியும், கேள்வியோடு கூடவே போகும் குறிப்புகளான தலைப்புகளும் கொடுத்து, அங்கேயே சோதித்துப் பார்க்கலாம். பிறகு ஒரு செயலை எழுத வேண்டும்: குறியீட்டுப் புலத்தின் மதிப்பு மாறும்போது சேவையை அழை, வந்த பதிலிலிருந்து கிளைப் பெயரை எடுத்து அடுத்த புலத்தில் வை. சேவையை அழைக்கத் தேவையான, கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவி பிரவுசருக்கு வருவதே இல்லை. அலுவலக வலைக்குள் மட்டும் எட்டக்கூடிய சேவையையும் இதே வழியில் கேட்கலாம். பணம், அடையாளம் தொடர்பான படிவங்களுக்கு இதைவிடப் பெரிய நன்மை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

விலையாக, தரவுக்குள் வேண்டிய இடத்தைப் பாதையாக எழுதிக் காட்டும் எக்ஸ்பாத் மொழியைக் கற்க வேண்டும். ஜேசான் என்ற தரவு வடிவில் வரும் பதிலை ஆர்பியன் உள்ளுக்குள் எக்ஸ்எம்எல் என்ற வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. பணப் பரிமாற்ற நிறுவனமான ரேசர்பே பொதுவில் தரும் ஐஎஃப்எஸ்சி சேவையில், முகவரியின் கடைசியில் குறியீட்டைச் சேர்த்தால் ஒரே ஒரு பொருள் (ஒரு கிளையின் விவரத் தொகுப்பு) பதிலாக வரும். அதில் பாதை எழுதுவது எளிது. பதில் பட்டியலாக வந்தால்தான் திணறல். பட்டியலின் ஒவ்வோர் உருப்படிக்கும் சொந்தப் பெயர் இல்லாததால், மாற்றிய எக்ஸ்எம்எல்லில் வெறும் அடிக்கோடுதான் அதன் பெயர். இது தெரியாதவர்கள் சரியான சேவையைக் கையில் வைத்துக்கொண்டு, கீழிறங்கு பட்டியல் ஏன் காலியாக இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஃபார்ம்.ஐஓவில் கை வேகமாக ஓடும். தேர்வுப் புலத்தை வைத்து, தரவு மூலத்தை முகவரி என்று மாற்றி, பதிலில் உள்ள எந்தப் பண்பை (பெயர், குறியீடு போன்ற ஒரு கூறை) சேமிப்பது, எதைக் காட்டுவது என்று சொன்னால் பட்டியல் வந்துவிடும். மாநிலம் மாறினால் மாவட்டப் பட்டியலைப் புதுப்பிக்கவும், பழைய தேர்வை அழிக்கவும் அமைப்புகளிலேயே இடம் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவருக்கு இது சொந்த வீடு.

ஆனால் கேள்வி பிரவுசரிலிருந்து போகிறது. பிற தளங்களிலிருந்து வரும் அழைப்பை அந்தச் சேவை அனுமதிக்காவிட்டால், பிரவுசர் பதிலைத் தடுத்துவிடும். படிவத்தில் என்ன மாற்றினாலும் பயன் இல்லை. இதைவிட மோசமானது, தலைப்பில் போட்ட சாவி படிவ வரையறையோடு எல்லோருடைய பிரவுசருக்கும் போய்ச் சேர்வது. கட்டணச் சேவையின் சாவியை அப்படி வைத்தவர், அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டார். நடுவில் நமக்கென்று ஒரு சிறிய சர்வர் நிரலை வைத்து அதன்வழியே கேட்பதே தீர்வு.

இன்னும் இரண்டு அமைப்புகளைக் கண் வைத்துப் பார்க்க வேண்டும். சேமிக்கும் பண்பைச் சொல்லாமல் விட்டால் முழுப் பொருளும் விண்ணப்பத்தோடு சேமிக்கப்படும். ஒரு முறைக்கு எத்தனை உருப்படிகள் வேண்டும் என்ற வரம்பு இயல்பாக 100. அதுவும் கேள்வியோடு சேர்ந்து போகிறது. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கு அது தாராளம். வருவாய்க் கிராமங்களைக் கேட்டால், அந்த வரம்பை மதிக்கும் சேவை முதல் நூறோடு நிறுத்திக்கொள்ளும். பிழைச் செய்தியும் வராது. நூற்றியோராவது கிராமத்துக்காரர் தன் ஊரைக் காணாமல் வேறு ஊரைத் தேர்ந்தெடுப்பார். தேடும் சொல்லைச் சேவைக்கே அனுப்பும்படி அமைப்பதுதான் இதற்குச் சரியான வழி.

மைக்ரோசாஃப்டின் பழைய படிவக் கருவியான இன்ஃபோபாத் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. எக்ஸ்எம்எல்லில் பேசும் சோப் என்ற முறையிலான சேவைகளுக்காகவே பிறந்தது போன்ற கருவி. 2010 பதிப்பில் முகவரி வழியே எளிதாகக் கேட்கும் ரெஸ்ட் என்ற முறை இணைப்பும் வந்தது, ஆனால் எக்ஸ்எம்எல் பதில் மட்டுமே அதற்குப் புரியும். மேற்சொன்ன ஐஎஃப்எஸ்சி சேவை ஜேசானில் பேசுவதால் நேரடியாக ஒத்துவராது. 2013 பதிப்பே கடைசி. ஆதரவு முடியும் நாளாக 2026 ஜூலை 14 ஐ மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கையில் இருக்கும் படிவங்களை மாற்றும்போது தரவு இணைப்புகளை முதலில் பட்டியலிடுங்கள். புலங்களை ஒரு நாளில் மறுபடி வரைந்துவிடலாம். எந்த விதி எந்தச் சேவையை எப்போது அழைக்கிறது என்பது ஒவ்வொரு பொத்தானுக்குள்ளும் ஒளிந்திருக்கும்.

எந்தக் கருவியானாலும் குறியீடு முழுமையாகும் முன் சேவையை அழைக்கக் கூடாது. ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து: முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள், ஐந்தாவது சுழியம், மீதி ஆறும் கிளையைக் குறிப்பவை. சுழியத்தின் இடத்தில் ஆங்கில ஓ எழுத்தைத் தட்டுகிறவர்கள் ஏராளம். அதைச் சேவை வரை அனுப்பாமல் படிவத்திலேயே பிடிக்கலாம். அஞ்சல் குறியீட்டுத் தேடல் வேறு வகை. ஒரே குறியீட்டின் கீழ் பல அஞ்சலகங்கள் வரும் என்பதால் ஊர்ப் பெயரைத் தானாக நிரப்பக் கூடாது. பட்டியலாகக் காட்டித் தேர்ந்தெடுக்க விட வேண்டும். அந்த இடத்தில் ஃபார்ம்.ஐஓவின் தேர்வுப் புலம் ஆர்பியனைவிடச் சுருக்கமாக வேலையை முடிக்கிறது.

சாவி தேவைப்படும் எந்தப் படிவத்துக்கும் நான் ஆர்பியனையே எடுப்பேன். சாவி வேண்டாத பொதுப் பட்டியல்கள் என்றால் ஃபார்ம்.ஐஓ போதும். சிக்னல் கிடைக்காத ஊர்களில் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்கு இரண்டும் உதவாது. இணையம் இல்லாமலும் போனில் படிவம் நிரப்ப உதவும் ஓடிகே என்ற கருவியில், அட்டவணைத் தரவுள்ள சிஎஸ்வி கோப்பைப் படிவத்தோடு இணைத்து, அதிலிருந்து மதிப்பை எடுக்கும் புல்டேட்டா சார்பால் தேடச் செய்யுங்கள். கணக்கெடுப்பாளர்கள் கிளம்பும் முன் ஒவ்வொரு போனிலும் புதிய கோப்பு இறங்கியிருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள்.