படர்தாமரை அல்லாத பழுப்புப் படை: கீழக்கரையில் ஒரு சரும மருத்துவகம்

மண்டபத்திலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகும் என் மச்சானுக்குத் தொடை இடுக்கில் பழுப்புப் படை பரவியிருந்தது. படர்தாமரை என்று சொல்லி மருந்துக்கடையில் கொடுத்த கலவைக் களிம்பை மாதக்கணக்கில் பூசியும், அது மங்குவதும் திரும்புவதுமாகவே இருந்ததால், கீழக்கரையில் உள்ள இம்மருத்துவகத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன்.

மருத்துவர் முதலில் அந்தக் களிம்பு ட்யூபை வாங்கிப் படித்து, அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பூஞ்சைத் தொற்றான படர்தாமரை என்றால் பெரும்பாலும் ஓரம் தடித்துச் சிவந்து, நடுப்பகுதி தெளிந்து, அரிப்பு கடுமையாக இருக்கும். இங்கோ படை முழுவதும் ஒரே நிறமாக, நுண்ணிய செதிலோடு, அரிப்பு அதிகமில்லாமல் இருப்பதால், இது எரித்ராஸ்மா என்னும் பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம் என்று விளக்கினார். ஆனால் அறையை இருட்டாக்கி உட்ஸ் விளக்கின் புற ஊதா ஒளியில் பார்த்தபோது எதுவும் ஒளிரவில்லை. மருத்துவரிடம் போகிறோமே என்று மச்சான் நன்றாகச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்திருந்தார். அந்த விளக்கில் ஒளிர்வது அக்கிருமி உண்டாக்கும் பார்ஃபிரின் என்னும் நிறமி; அது தண்ணீரில் கழுவிப் போய்விடக்கூடியது. மறுநாள் குளிக்காமல் போனபோது, அதே இடம் பவளச் சிவப்பாக ஒளிர்ந்ததை மச்சானே குனிந்து பார்த்தார். டோக்கன் கொடுக்கும்போதே இதைச் சொல்லியிருந்தால் மண்டபத்திலிருந்து இரண்டாம் முறை பேருந்து ஏறியிருக்க வேண்டாம் என்பதே என் முதல் குறை.

பூஞ்சையும் சேர்ந்திருக்கக்கூடும் என்பதால் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார்கள், பூஞ்சை தென்படவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இத்தொற்று எளிதில் வரும் என்று இரத்தச் சர்க்கரையையும் சோதித்தார்கள். கிளிண்டாமைசின் என்னும் பாக்டீரியா எதிர்ப்புக் களிம்பை மட்டுமே எழுதிக்கொடுத்த மருத்துவர், படை பரவலாக இருந்தால்தான் மாத்திரை தேவைப்படும் என்றார். உப்புநீரில் நனைந்த உடையைக் கரையேறியதும் மாற்றவும், இடுக்கை ஈரமில்லாமல் துடைக்கவும், கால்விரல் இடுக்கிலும் அக்குளிலும் இதே படை இருக்கிறதா என்று பார்க்கவும் சொன்னார். படை இப்போது மறைந்துவிட்டது.

பரிசோதனை அறைக்கும் காத்திருக்கும் கூடத்துக்கும் இடையே ஒரு துணித் திரைதான் இருக்கிறது. உள்ளே பேசுவது வெளியே கேட்கிறது. மார்பகத்தின் கீழ் இத்தகைய படை உள்ள பெண்கள் அங்கே வாய் திறந்து சொல்லத் தயங்குவார்கள். நிர்வாகம் ஒரு கதவாவது போட வேண்டும். கட்டணம் நியாயமானதே. மாலையில் கூட்டம் மிகுதி என்பதால், காலையில், படை உள்ள இடத்தைக் கழுவாமல் செல்வது நல்லது.