போட்டோ மெக்கானிக்: மாணவர் பத்திரிகையின் படப் பிரிவுக்கு எந்த அளவுக்கு உதவும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்குப் போன இரண்டு புகைப்படக்காரர்கள் திரும்பி வரும்போது இரண்டாயிரம் படங்கள் சேர்ந்திருக்கும். அச்சுக்குப் போவது மூன்றுதான். அந்த மூன்றைச் சட்டென்று பிடிப்பதும், படத்தில் இருப்பவரின் பெயரைத் தப்பில்லாமல் எழுதுவதும் மாணவர் நாளிதழின் படப் பிரிவு ஆசிரியருக்கு உள்ள தலையாய வேலைகள். ஆரிகன் மாநிலத்தின் கேமரா பிட்ஸ் நிறுவனம் தரும் போட்டோ மெக்கானிக் இந்த இரண்டுக்காகவே செய்யப்பட்ட மென்பொருள்.

இதன் வேகம் பலருக்கும் தெரிந்ததே. கேமரா பதியும் மூலத் தரவான ரா கோப்பைப் பிரித்துப் படமாக்காமல், கேமரா அதற்குள் வைத்திருக்கும் ஜேபெக் முன்னோட்டத்தை அப்படியே காட்டுவதால் அம்புக்குறியை அழுத்தியதும் அடுத்த படம் வந்து நிற்கும். இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பழைய சோனி கேமராக்கள் பதித்து வைக்கும் முன்னோட்டம் 1616×1080 பிக்சல்தான். கண்ணில் ஃபோகஸ் விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட கேமராவில் ராவுடன் ஜேபெக்கையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். முன்னோட்டத்தில் வானம் வெளிறித் தெரிகிறது என்பதற்காக எந்தப் படத்தையும் தள்ளிவிடவும் வேண்டாம். ராவில் விவரம் மிச்சமிருக்கலாம்.

வேகத்தைவிட நாங்கள் மதிப்பது, குறியீட்டை முழுப்பெயராக மாற்றும் 'கோடு ரீப்ளேஸ்மென்ட்' வசதியை. ஆட்டத்துக்கு முன்பே வீரர் பட்டியலை ஓர் எளிய உரைக்கோப்பாகச் செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு வரியிலும் முதலில் குறியீடு, பிறகு ஒரு டேப், பிறகு முழுப்பெயர். எதிரணிக்கு 'எ', நம் அணிக்கு 'ந' என்று வைத்தால், 12ஆம் எண் வீரர் ந12. படக்குறிப்பில் அந்தக் குறியீட்டை இரு பக்கமும் பின்சாய்கோடு (\) போட்டு எழுதினால் முழுப்பெயர் தானாக விழும். விழவில்லை என்றால் பெரும்பாலும் டேப்புக்குப் பதில் இடைவெளி இருக்கும். கல்லூரிக் கால்பந்தில் தாக்கும் வரிசையில் ஒருவரும் தடுக்கும் வரிசையில் ஒருவரும் ஒரே எண்ணை அணியலாம் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த எண்களுக்குத் தனித்தனிக் குறியீடு கொடுக்காவிட்டால், மென்பொருள் தவறான பெயரைத் தயங்காமல் எழுதிவிடும்.

நினைவக அட்டையிலிருந்து படங்களை இறக்கும்போதே ஐபிடிசி வார்ப்புரு (படக் கோப்புக்குள் விவரங்களை எழுதும் படிவம்) நிகழ்ச்சி, ஊர், தேதி, எடுத்தவர் பெயர் எல்லாவற்றையும் பதித்துவிடும். இரண்டாவது வட்டிலும் ஒரு நகல் வைக்கச் சொல்லலாம், கட்டாயம் சொல்லுங்கள். போன வார வார்ப்புருவை அழிக்காமல் விட்டால் இந்த வாரப் படம் அத்தனையும் பழைய ஆட்டத்தின் பெயரோடு காப்பகம் போய்ச் சேரும். இரண்டு கேமராக்களின் கடிகாரம் ஒத்துப்போகாவிட்டால் நேர வரிசை குழம்பும். எடுத்த நேரத்தை மொத்தமாகத் திருத்தும் கட்டளை உள்ளேயே இருக்கிறது.

இதில் படத்தின் வண்ணத்தையும் ஒளியையும் திருத்த முடியாது. அதெல்லாம் அடோபியின் லைட்ரூமிலோ போட்டோஷாப்பிலோதான். வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் இங்கே தேர்வும் குறிப்பும், பிறகு லைட்ரூம். ரா கோப்பின் குறிப்புகள் பெரும்பாலும் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற தனிக் குறிப்புக் கோப்பாக நிற்கும். லைட்ரூமில் ஏற்றிய பிறகு போட்டோ மெக்கானிக்கில் குறிப்பை மாற்றினால், கோப்பிலிருந்து மீண்டும் படிக்கச் சொல்லும்வரை அதற்குத் தெரியாது.

பழைய படங்களைத் தேடும் அட்டவணை வசதி போட்டோ மெக்கானிக் பிளஸ் பதிப்பில் மட்டுமே. செலவும் மாணவர் பத்திரிகைக்குச் சிறிதல்ல. எல்லாக் கணினிக்கும் வாங்க வேண்டியதில்லை. படங்கள் இறங்கும் ஒரே கணினியில் இருந்தால் போதும். அதற்கும் வழியில்லாவிட்டால் அடோபி பிரிட்ஜ் இலவசம். வார்ப்புருவும், தேர்ந்தெடுத்த படத்தை அடையாளமிடும் வண்ணக் குறியும் அதில் உண்டு. முன்னோட்டம் உருவாகக் காத்திருக்க நேரும், வீரர் பெயர்களைக் கையால் தட்ட வேண்டிவரும். அப்போது அச்சிட்ட வீரர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்கட்டும்.