எடைமேடைக்குப் பின்னால் ஒரு டெபியன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை லோரிகளின் கணக்கு முழுக்க ஒரு பழைய சர்வரில்தான் ஓடுகிறது. லோரி மேடையில் ஏறி நின்றதும் எடை சீரியல் போர்ட் வழியாக வந்து போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தில் விழும், கிராணி அண்ணன் சீட்டு எடுத்துக் கொடுப்பார். அது நின்றால் ரோடு வரைக்கும் லோரி வரிசை கட்டிவிடும்.

2020 தொடக்கத்தில் அதில் சென்ட்ஓஎஸ் 8 போட்டேன், ரெட் ஹாட் கம்பெனி ஆதரவில் வந்த லினக்ஸ் இயங்குதளம் அது. ஆதரவு 2029 வரை என்றிருந்தது, நிம்மதியாகத் தூங்கினேன். அந்த டிசம்பரிலேயே, 2021 கடைசியோடு சரி என்று அறிவித்துவிட்டார்கள். அதற்கு மாற்றாக அல்மா, ராக்கி இரண்டும் 2021இல் வந்தன. அவற்றுக்கு மாறியிருந்தால் வேலை குறைவுதான். ஆனால் சூடு கண்ட பூனை நான். தன்னார்வலர்கள் நடத்துவதே போதும் என்று டெபியன் என்ற லினக்ஸின் 11ஆம் பதிப்புக்குப் போனேன்.

நடுவில் ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸ் மேல் ஆசையும் வந்தது. இத்தனூண்டு இடம்தான் பிடிக்கும், பழைய பெட்டிக்குத் தோது. வீட்டில் போட்டுப் பார்த்தேன். எடைக்கருவிக்காரர் கொடுத்த புரோகிராமை ஓட்டினால் 'நாட் ஃபவுண்ட்' என்கிறது. கோப்புகளைப் பட்டியல் போடும் எல்எஸ் கட்டளையை அடித்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது! பெர்மிஷனை மாற்றி, பெயரை மாற்றி, பாதி ராத்திரி போய்விட்டது. அப்புறம்தான் புரிந்தது: அந்தப் புரோகிராம் ஜிலிப்சி என்ற அடிப்படை சி நூலகத்துக்காகக் கட்டியது, ஆல்பைனில் இருப்பதோ மஸ்ல் என்ற வேறு நூலகம். கோப்பு இருக்கிறது, அதை ஏற்றிவிடும் லோடர்தான் அங்கே இல்லை. சோர்ஸ் கோடு கையில் இருந்து மஸ்லுக்காகத் திரும்பக் கட்டிக்கொள்ள முடிந்தவர்கள் தாராளமாக ஆல்பைன் போடலாம்.

டெபியனிலும் ஒருமுறை மாட்டினேன், தப்பு என்னுடையது. புது டிஸ்க் வாங்கி 12ஐப் புதிதாக நிறுவினேன். தப்பான பாஸ்வேர்டு அடித்துக்கொண்டே இருப்பவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேன் கிளம்பவே இல்லை. 12இல், லாக்குகளைக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக வராது, ஆகவே ஃபெயில்2பேன் தேடிய ஆத்.லாக் என்ற லாகின் பதிவுக் கோப்பே கிடையாது. லாக்கை எங்கிருந்து படிப்பது என்று சொல்லும் பேக்எண்டை, சிஸ்டம்டி வைத்திருக்கும் பதிவுக்கு மாற்றியதும் ஓடியது. வெளியீட்டுக் குறிப்பில் ஆர்சிஸ்லாக் விஷயம் எழுதியிருந்தது, யார் படித்தது?

புதுசு வேண்டும் என்பவர்களுக்கு எரிச்சல் வரும். 12 வந்த மூன்றே மாதத்தில் போஸ்ட்கிரஸ் 16 வந்தது. டெபியன் 12இலோ கடைசி வரை 15தான். எடை எழுதுகிற எனக்கு அது போதும்.

13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. 12க்கு எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு, அவசரமில்லை. மாற்றுவதென்றால் தீபாவளி லீவில் மாற்று, அன்றைக்குத்தான் மேடை காலி என்கிறார் கிராணி அண்ணன்.