வீட்டு மின்சாரத்தை அளக்க: கிளாம்ப் மீட்டரா, வாட் மீட்டரா?

கரண்ட் பில் அடுத்தடுத்து இரண்டு முறை எகிறியதும், எந்தப் பொருள் இழுக்கிறது என்று கண்டுபிடிக்க முதலில் கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்விப் பிடித்து, ஓடும் கரண்ட்டை ஆம்பியரில் காட்டுவது) ஒன்று வாங்கினேன். நான்கு மாதம் கழித்து, பிளக்கில் செருகும் வாட் மீட்டரையும் வாங்க வேண்டி வந்தது. இப்போது வீட்டுக்கு எது என்று கேட்டால் யோசிக்காமல் வாட் மீட்டர் என்பேன். விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் அது ஒரு பொருட்டில்லை.

கணக்கு நாம் பள்ளியில் படித்ததுதான். வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் திறன். கிளாம்ப் மீட்டரில் இரண்டையும் அளந்து நாமே கணக்குப் போட வேண்டும். அயர்ன் பாக்ஸில் இது அழகாக வந்தது: 230 வோல்ட், 4.3 ஆம்பியர், பெருக்கினால் 989 வாட். மேலே எழுதியிருப்பது 1000. சரி, கணக்கு பிடிபட்டுவிட்டது என்று ஃப்ரிட்ஜுக்குப் போனேன்.

அங்கேதான் தவறிவிட்டது. கம்ப்ரஸர் ஓடும்போது 228 வோல்ட், 0.9 ஆம்பியர். பெருக்கினால் 205. நாளுக்கு 12 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால், பில் வரும் 60 நாளில் 147 யூனிட் (1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). 100 யூனிட் இலவசத்தை இது ஒன்றே தின்றுவிட்டு மேலேயும் போகிறதே என்று புது ஃப்ரிட்ஜுக்கு விலை விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டேன். பிறகு வாங்கிய வாட் மீட்டரில் அதே ஃப்ரிட்ஜைச் செருகினால், அதே 228, அதே 0.9, ஆனால் வாட் என்ற இடத்தில் 125! அதன் கீழே பவர் ஃபேக்டர் 0.61, அதாவது பெருக்கி வந்ததில் உண்மையில் செலவாகும் பங்கு.

இந்த ஒரு எண்ணுக்காகவே வாட் மீட்டர் வாங்கலாம். ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் போல வெறும் கம்பி சூடாகும் பொருளில் வோல்டேஜும் கரண்ட்டும் ஒன்றாகவே ஏறி இறங்கும், பெருக்கியதும் வாட் கிடைத்துவிடும். மோட்டார் இருக்கும் பொருளில் அப்படி இல்லை. சுருளில் ஓடும் கரண்ட் சற்றுப் பின்தங்குகிறது. வோல்டேஜ் திசை மாறிய பிறகும் கொஞ்ச நேரம் பழைய திசையிலேயே ஓடும். அந்த இடைவெளியில் மோட்டார், வாங்கிய சக்தியில் ஒரு பங்கை லைனுக்கே திருப்பி அனுப்புகிறது. கிளாம்ப் மீட்டர் காட்டும் ஆம்பியரில் இந்தப் போக்குவரத்தும் சேர்ந்தே இருக்கிறது. வீட்டு ஈ.பி. மீட்டரோ உண்மையில் செலவான வாட்டைத்தான் யூனிட்டாக எண்ணுகிறது. எல்.இ.டி. பல்பில் காரணம் வேறு: அது கரண்ட்டைச் சீராக இழுக்காமல், வோல்டேஜ் உச்சத்துக்கு வரும்போது மட்டும் சட்டென்று இழுக்கும். எங்கள் வீட்டு 9 வாட் பல்பு 0.07 ஆம்பியர் காட்டியது. பெருக்கினால் 16! அவ்வளவு சின்ன கரண்ட்டைக் கிளாம்ப் மீட்டர் சரியாகப் பிடிப்பதும் இல்லை.

இன்னொரு சிரமம், கிளாம்பை ஒற்றை ஒயரைச் சுற்றித்தான் மாட்ட வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்த கேபிளில் மாட்டினால் ஒன்றையொன்று ரத்து செய்து பூஜ்யம் காட்டும். ஒயரைப் பிரித்த எக்ஸ்டென்ஷன் ஒன்றை இதற்கென்றே தயார் செய்ய வேண்டியிருந்தது. சாதாரண மல்டிமீட்டரை வைத்து வீட்டு கரண்ட்டை அளக்கப் போகவே வேண்டாம். ஆம்பியர் துளையில் ஒயர் இருக்கும்போது மறந்துபோய் பிளக்கில் வைத்தால் நேரடி ஷார்ட்.

ஆனால் மின்தடை என்று வந்துவிட்டால் வாட் மீட்டரால் பயனில்லை. 2000 வாட் ஹீட்டர் காயில் நல்லபடி இருந்தால் ஏறக்குறைய 26 ஓம் காட்ட வேண்டும் (230 × 230 ÷ 2000). மெயினை அணைத்து, காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு கிளாம்ப் மீட்டரின் ஓம் பக்கத்தில் வைத்தால், அறுந்ததா இல்லையா என்று நொடியில் தெரியும். குண்டு பல்பில் மட்டும் இந்த வழியை நம்பாதீர்கள். 60 வாட் பல்பு அணைந்திருக்கும்போது 65 ஓம் காட்டும், எரியும்போது 880 ஓமுக்கு மேல் போய்விடும். டங்ஸ்டன் சூடானால் தடை அவ்வளவு ஏறும்.

சீலிங் ஃபேன், போர் மோட்டார் போல பிளக் இல்லாதவற்றுக்கும் கிளாம்ப்தான். எங்கள் ஒரு ஹெச்.பி. மோட்டார் வழக்கமாக 7 ஆம்பியர் இழுக்கும். அது கூடினால் ஏதோ கோளாறு என்று தெரிந்துகொள்ள வாட் தேவையில்லை, ஆம்பியரே போதும். த்ரீ ஃபேஸ் மோட்டாரில் நான் அளந்து பார்த்ததில்லை. வாட் மீட்டர் வழியாக ஏசியை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியதும் இல்லை. என்னுடையது 16 ஆம்பியர் மீட்டர் என்றாலும், இரவு முழுக்க விட எனக்குத் தைரியம் வரவில்லை.

பில்லை ஏற்றியது கடைசியில் ஹீட்டர்தான். யாரும் சுவிட்சை அணைப்பதில்லை, ஆறிய தண்ணீரை அது நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டே இருந்தது. வாட் மீட்டரில் ஒரு நாள் விட்டுப் பார்த்தபோது 3.1 யூனிட். மறுநாள் குளித்ததும் அணைத்தோம், 1.9.