42,500 ரூபாய் போய்விட்டது: "உங்களை மாதிரிப் பின்னணியில் இருந்து வர்றவங்களுக்கு ஃபேஷன் உதவித்தொகை" என்று யாராவது கூப்பிட்டால் இதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு நாளாக என் தலைக்குள் அது மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 42,500. அம்மாவின் இரண்டு வளையலைக் கூட்டுறவு சங்கத்தில் வைத்து எடுத்த பணம்.

நாங்கள் கும்பகோணம் பக்கம், திருபுவனத்தை ஒட்டிய ஊர். அப்பா கூலிக்குப் பட்டு நெய்கிறவர். தம்பிக்கு 19 வயது, பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருடமாக ஜவுளிக்கடையில் நிற்கிறான். சேலை டிசைனுக்காகத் தறியில் மாட்டுகிற ஓட்டை போட்ட ஜக்கார்டு அட்டை, அப்பா தூக்கிப்போடும் பழசைக்கூட விடமாட்டான், அதிலிருக்கும் ஓட்டைகளைச் சுற்றியே யாளி, அன்னம் என்று வரைந்து வைத்திருப்பான். அவனுக்கு ஃபேஷன் டிசைன் படிக்க ஆசை. எங்கே போய் யாரிடம் கேட்பது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில்தான் மாட்டினோம்.

இன்ஸ்டாவில் விளம்பரம் போடுகிற ஓர் ஆன்லைன் ஃபேஷன் பயிற்சி நிறுவனம். பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. விவசாயி, நெசவாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஃபேஷன் துறையில் கதவு திறக்கிறோம், முதல் தலைமுறைக்கு 70 சதவீதம் உதவித்தொகை என்று போட்டிருந்தார்கள். தம்பி படிவம் நிரப்பிய அரை மணி நேரத்தில் போன் வந்தது. மறுநாள் வீடியோ காலில் ஒரு பெண். "அக்கா, நான் மன்னார்குடிப் பொண்ணுதான்" என்று ஆரம்பித்தாள். அப்பாவின் தறியைக் காட்டச் சொன்னாள், பார்த்துவிட்டு, "திருபுவனம்னா விசிறி மடிப்பு இல்லையா?" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் அப்பா விழுந்துவிட்டார், நானும்தான். 2019இல் திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் புரட்டினாலே, சேலையை விசிறி மாதிரி மடிக்கிற இந்த விசிறி மடிப்பு என்று வரும், அது எவனுக்கும் தெரிகிற விஷயம் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு, நம்மைத் தெரிந்தவள் பேசுகிறாள் என்றுதான் தோன்றியது. தம்பி தறியில் உட்கார்ந்து நெய்கிற மாதிரி ஒரு வீடியோவும் கேட்டாள், "தேர்வுக் குழுவுக்குக் காட்டணும்" என்று. நீலச் சட்டை போட்டுக்கொண்டு எடுத்து அனுப்பினான்.

ஏறக்குறைய 1,40,000 ரூபாய்ப் படிப்பாம், உதவித்தொகை போக 42,500தானாம். உங்கள் மாவட்டத்துக்கு ஒரே ஒரு சீட், 24 மணி நேரத்துக்குள் கட்ட வேண்டும், திருப்தி இல்லையென்றால் முழுப் பணமும் திரும்ப வரும். முதலில் 2,500, அப்புறம் 40,000. கட்டியது ஒரு தனிநபர் பெயரில் இருந்த ஜிபே எண்ணுக்கு. "ஜிஎஸ்டி கணக்கு அப்டேட் ஆகுது அக்கா" என்றாள். நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவள், எனக்கே அப்போது உறைக்கவில்லை என்பதுதான் இன்னும் எரிகிறது.

வகுப்பு என்று வந்தது எல்லாம் முன்பே பதிவுசெய்த வீடியோ. பாதி இந்தி, பாதி ஆங்கிலம். அவர்கள் அனுப்பிய பெட்டியில் ஓர் அளவு டேப், கீறல் விட்ட ஸ்கேல், இரண்டு மீட்டர் காடாத் துணி. இரண்டாவது மாதம் "டிசைன் இன்டர்ன்ஷிப்" என்று திருப்பூருக்கு அனுப்பினார்கள். போனால் ஒரு பனியன் கம்பெனியில் டிரிம்மிங், அதாவது பிசிறு வெட்டுகிற வேலை, காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை. அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு இன்டர்ன்ஷிப் என்ற பேச்சே தெரியாது, ஆள் அனுப்பச் சொன்னோம், வந்தான், அவ்வளவுதான் என்றார்கள். பிசிறு வெட்டுவது கேவலமான வேலை இல்லை, எங்கள் ஊரிலிருந்து எத்தனையோ பேர் அங்கே உழைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆனால் அதற்குச் சம்பளம் வாங்க வேண்டும், 42,500 கட்டக்கூடாது.

ஒன்பதாம் நாள் தம்பி திரும்பி வந்துவிட்டான். பணத்தைக் கேட்டோம். முதலில் "ஃபைனான்ஸ் டீமுக்கு அனுப்பியிருக்கோம், 48 மணி நேரம்". அப்புறம் "மேடம் லீவு". அப்புறம் "நீங்கதான் இன்டர்ன்ஷிப்பைப் பாதியில விட்டுட்டீங்க, அதனால ரீஃபண்ட் விதி பொருந்தாது". மன்னார்குடிப் பொண்ணு என்னை பிளாக் செய்துவிட்டாள். சென்னை முகவரிக்கு என் சித்தி மகனை அனுப்பினேன், அது மேசை வாடகைக்கு விடுகிற இடம். "தபால் மட்டும்தான் சார் இங்க வரும்" என்றாராம் செக்யூரிட்டி.

இதற்கு நடுவில் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்த மற்றவர்களிடம் தனியாகப் பேசினோம். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு மீனவப் பையன், திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு பெண், அவள் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர், மயிலாடுதுறையிலிருந்து ஒரு திருநங்கை, எங்கள் பக்கத்து ஊரிலேயே இன்னும் இரண்டு பேர். எல்லோருக்கும் அதே "உங்க மாவட்டத்துக்கு ஒரே சீட்". எல்லோரிடமும் வீட்டுக் கஷ்டத்தை வீடியோவாக எடுத்து வாங்கியிருக்கிறார்கள். நாங்கள் பேசுவது தெரிந்ததும் குரூப்பில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. தெரிந்த வரை சொல்கிறேன். மத்திய அரசு அங்கீகாரம் என்று அவர்கள் காட்டியது உதயம் பதிவுச் சான்று, அது சிறுதொழில் செய்கிற யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுப்பது, படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தனிநபர் பெயருக்குப் பணம் போடாதீர்கள். ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள், நாங்கள் மூன்று வாரம் "48 மணி நேரத்தை" நம்பி உட்கார்ந்திருந்தோம். நுகர்வோர் ஆணையத்தில் நாம் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது என்று வக்கீல் ஆபீசில் இருக்கும் தோழி சொன்னாள். படிக்க வேண்டுமென்றால் ஐடிஐயில் ஃபேஷன் டிசைன் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது, பத்தாவது போதும். பெரிதாகப் படிக்க சென்னை தரமணியில் நிஃப்ட் என்கிற மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரி இருக்கிறது, 1995இலிருந்து, நுழைவுத் தேர்வு எழுதி, இட ஒதுக்கீட்டோடு போகிற இடம். இதையெல்லாம் எங்களுக்கு ஒரு வருடம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால்.

இன்னொன்று. தம்பியின் தறி வீடியோவை அவர்கள் விளம்பரமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், "நெசவாளர் மகன், இன்று டிசைனர்" என்று எழுதி. இன்று காலை கடையில் கூட வேலை செய்கிறவன் காட்டியிருக்கிறான், தம்பி சாப்பிடாமல் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டான். நீலச் சட்டை போட்ட பையன் குழித்தறியில் உட்கார்ந்திருக்கிற விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டால் தயவுசெய்து ரிப்போர்ட் அடியுங்கள்.