சிறுநீரக மாற்றுக்கு முந்தைய பரிசோதனை: புதுச்சேரியா, சென்னையா?

என் கணவருக்குச் சிறுநீரகம் கொடுத்தது நான். மாற்று அறுவைக்கு முந்தைய பரிசோதனைகளை எங்கே செய்வது என்று கடலூரில் எங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போகலாம் என்றார் கொழுந்தனார். நாங்கள் புதுச்சேரியில் இருக்கும் மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மருக்குப் போனோம். இன்றைக்கு யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தனியாரில் செலவு கூடுதல், அரசு மருத்துவமனையில் காத்திருக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்றும் உண்டு. ஆனால் முந்தைய பரிசோதனைச் செலவும் அதில் அடங்குமா என்று மருத்துவமனையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் தூரத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இந்தப் பரிசோதனைகள் ஒரே மூச்சில் முடிவதில்லை. ரத்த வகை, திசுப் பொருத்தம், கிராஸ் மேட்ச் (கொடுப்பவரின் அணுக்களைப் பெறுபவரின் ரத்தம் எதிர்க்கிறதா என்ற சோதனை), எக்கோ என்னும் இதய ஸ்கேன், ஹெபடைடிஸ், எச்ஐவி, காசநோய் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். சொத்தைப் பல் இருந்தால் அதையும் முதலில் சரிசெய்யச் சொல்வார்கள், ஏனென்றால் பின்னால் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை போடும்போது சின்னக் கிருமிகூட ஆபத்தாகிவிடும். கொடுப்பவருக்குத் தனியாக, ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கும் டிடிபிஏ ஸ்கேனும், சிறுநீரக ரத்தக் குழாய்களைப் பார்க்கும் சிடி ஆஞ்சியோவும் உண்டு. யாரும் வற்புறுத்துகிறார்களா என்று என்னைத் தனியாக உட்கார வைத்தும் கேட்டார்கள். இத்தனைக்கும் நடுவில், டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அவரை அழைத்துப் போக முடியும்.

24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் முதலில் போவதைக் கழித்துவிட்டு, அதன்பின் மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடிக்க வேண்டும். நான் வீட்டிலேயே பிடித்து, கேனைத் துணிப்பையில் போட்டு, விடியற்காலை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே கன்னியக்கோயில், தவளக்குப்பம் தாண்டிப் போய்க் கொடுத்தேன். சென்னையென்றால் இதற்காகவே லாட்ஜ் எடுத்துத் தங்க வேண்டியிருக்கும்.

அறுவை முடிந்த பிறகும் தூரத்தின் கணக்கு தீராது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போய், ரத்தம் கொடுத்த பிறகுதான் விழுங்க வேண்டும். முதல் சில மாதங்களில் இந்தச் சோதனை அடிக்கடி வரும், பிறகு இடைவெளி விட்டு ஆயுள் முழுக்கத் தொடரும். லேசாகக் காய்ச்சல் வந்தாலும் ஓட வேண்டும். அப்போது நம் கோப்பு பக்கத்திலேயே, நம்மைத் தெரிந்த மருத்துவர்களிடமே இருப்பது எவ்வளவு பெரிய தெம்பு!

சென்னையில் நாங்கள் ஒரு ஆலோசனையோடு நின்றுவிட்டோம். அதை வைத்துச் சொன்னால், எல்லாத் துறையையும் ஒருவரே ஒருங்கிணைத்துக் கொடுத்தார், தேதிகளும் சீக்கிரம் கிடைத்தன. சென்னையில் தங்க உறவினர் வீடு இருந்தால் அது நல்ல வழியாகவும் இருக்கலாம்.

வீட்டில் கொடுக்க ஆள் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிரும் திட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் நடக்கிறது. அந்தப் பட்டியலில் பதிய நினைப்பவர்கள் தமிழ்நாட்டு மருத்துவமனையில் விசாரிப்பதே சரி.

எங்கே போனாலும் காகிதங்களை முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி கணவனும் மனைவியும் நெருங்கிய உறவுதான், ஆனாலும் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். திருமணப் பதிவுச் சான்று இல்லாதவர்கள் ரத்தப் பரிசோதனை தொடங்கும்போதே அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.